ஐஸ் பெட்டிக்குப் பொட்டு வைத்த அக்கா

எட்டு என்று எழுதினேன். அளந்து எழுதிய எண் அல்ல அது. முந்தின வாரம் வேறொரு வீட்டில் அளந்தபோது எட்டு வந்திருந்தது, அந்த ஞாபகத்தில் எழுதிவிட்டேன். தாளின் அடியில் என் முதலாளி தவுக்கேயின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. பத்துப் பதினைந்து காலித் தாள்களில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையும் குத்தி, மேசைக்குள் வைத்திருப்பார். லைசென்ஸ் அவருடையது, வேலை என்னுடையது. இந்த வீட்டு வயரிங்கைச் சோதித்துப் பார்த்தோம், ஆபத்து இல்லை என்று சொல்லும் அந்தத் தாளை மின்சார ஆபீஸில் கொடுத்தால்தான் வீட்டுக்குக் கரண்ட் வரும். வீடு என் அக்காவினுடையது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். சில வருஷம் புல் வெட்டினேன். எழுபதுகளின் நடுவில் ஈப்போவுக்கு வந்து இந்தச் சீனத் தவுக்கேயிடம் வயரிங் வேலைக்குச் சேர்ந்தேன். பிறந்ததிலிருந்தே பயந்தவன். வீட்டைப் பூட்டிப் பத்தடி போனபின் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மறுபடியும் போய் மறுபடியும் வருவேன். இப்படிப்பட்டவன் கரண்ட் வேலைக்குப் போகிறானா என்று தோட்டத்தில் சிரித்தார்கள். தவுக்கே மட்டும் சிரிக்கவில்லை. பயந்தவன் கைதான் கரண்டுக்கு நல்லது என்பார். முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் ஒரு திருகாணியை மூன்று தடவை முறுக்கிப் பார்த்தவன் நான். சொந்த அக்கா வீட்டில் அளக்காமல் எட்டு என்று எழுதினேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தோட்டம் கைமாறியது. அக்காவும் மச்சானும் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு, ஈப்போவுக்கு வெளியே தாமான் எனப்படும் ஒரு புதுக் குடியிருப்பில் மலிவு வீடு வாங்கினார்கள். பழைய ஈயலம்ப நிலம் அது. ஈயம் அலசி எடுத்தபின் மிச்சமான வெள்ளை மணல். மழை பெய்தாலும் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். வீட்டில் எங்காவது கரண்ட் கசிந்தால் அது மண்ணுக்குள் போவதற்காக ஒரு செம்புக் கம்பியைத் தரையில் ஆளுயரத்துக்கு அடித்து இறக்க வேண்டும். காய்ந்த மணல் கரண்டை வாங்காது. கம்பி எவ்வளவு ஆழமோ அவ்வளவு நல்லது. அளந்தால் பத்துக்குள் வர வேண்டும், எண் கூடக் கூட ஆபத்து. நான் அடித்த கம்பி முழங்கால் ஆழத்தில் கல்லில் முட்டியது. இடம் மாற்றி அடித்தேன். அங்கேயும் கல். வெயில் மண்டையைப் பிளந்தது. மச்சான் குளிர்ந்த சிரப்புத் தண்ணீரோடு வந்து நின்றார்.

"என்னா மச்சான், இன்னும் முடியலயா? நாளைக்குப் பால் காய்ச்சணும் லா."

மிச்சக் கம்பியை ரம்பத்தால் அறுத்தேன். தலையை மண்ணால் மூடினேன். மேலே இருந்து பார்த்தால் முழுக் கம்பி மாதிரியே இருந்தது. அளக்கும் பெட்டி தவுக்கேயோடு சித்தியவானுக்குப் போயிருந்தது. அது திரும்பி வந்ததும் வந்து அளக்கலாம், கம்பியை மாற்றிக்கொள்ளலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டு எட்டு என்று எழுதினேன்.

தாளின் நகலை அக்காவிடம் கொடுத்தேன். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. தம்பி எழுதியது, சிவப்பு முத்திரை குத்தியது, அது போதும். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாருக்கும் முத்திரை குத்திய தாள் ஒன்று பெருமைக்காக வந்ததில்லை. அவள் அதை நான்காக மடித்து, மூலையில் குங்குமம் தடவி, சாமித் தட்டில் அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

சாமித் தட்டு சமையல்கட்டில், குசினிச் சுவரில் இருந்தது. அந்த வீட்டில் வேறு இடம் இல்லை. அதற்கு நேர் கீழே ஐஸ் பெட்டி. பெரிய பிளக் போடுகிற இடத்தை அங்கே வைத்தவனும் நான்தான். ஈப்போவில் பழசாக வாங்கிய பெட்டி. கைப்பிடி இரும்பு, பளபளவென்று இருக்கும். அக்கா சின்னப் பிளாஸ்டிக் பைகளில் சிரப்பும் புளித்தண்ணீரும் ஊற்றி உறைய வைத்துத் தாமான் பிள்ளைகளுக்கு விற்றாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது அந்தக் கதவைத் திறப்பாள்.

முதலில் எச்சரித்தது சுவிட்ச். கரண்ட் கசிந்தால் தானாகக் கீழே விழுகிற பாதுகாப்பு சுவிட்ச் ஒன்று வாசல் பக்கம் இருந்தது. வாரத்துக்கு ஒரு தடவை விழுந்தது, பிறகு தினமும் விழுந்தது. அக்கா நாற்காலியில் ஏறித் தூக்கிவிடுவாள், மறுபடி விழும். தீபாவளிக்கு முந்தின நாள் மச்சான் மோட்டார் சைக்கிளில் கடைக்கே வந்துவிட்டார்.

"ஐஸ் எல்லாம் தண்ணியா போச்சு மச்சான். ஒங்கக்கா அழுவுறா. வந்து ஏதாச்சும் பண்ணு."

போனேன். எங்கே கசிகிறது என்று தேட அரை நாளாவது வேண்டும். குசினியில் பலகார எண்ணெய் கொதிக்கிறது, கூடத்தில் விருந்தாளிகள். சுவிட்சுக்குள் போகிற வயரையும் வெளியே வருகிற வயரையும் நேராக இணைத்துவிட்டேன். சுவிட்ச் பார்வைக்கு அங்கேயேதான் இருந்தது. இனி அது விழாது. விழ அதற்கு வேலையே இல்லை. தீபாவளி முடியட்டும், வந்து ஒழுங்காகச் செய்யலாம் என்று நினைத்தேன்.

"பாத்தீங்களா, என் மச்சான் கை வெச்சா எதுவும் விழாது லா!" என்று மச்சான் விருந்தாளிகளிடம் சொன்னார். எனக்கு முதல் முறுக்கு அவர் கையால் வந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போயிருந்தேன். சோறு போட்டுக்கொண்டே அக்கா சொன்னாள்.

"தம்பி, அந்தப் பொட்டியத் தொட்டா எறும்பு ஊர்ற மாதிரி இருக்குடா. வெள்ளிக்கெழமன்னா இன்னும் கூடுதலா இருக்கு. தோள் வரைக்கும் ஏறுது."

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் அன்று சாப்பிட வந்திருந்தார். மச்சான் அவரைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"நான் தொட்டா ஒன்னும் இல்ல. இவளுக்கு மட்டும் ஊருதாம். தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு பஸ்சு எத்தன மணிக்குன்னு கேட்டு வெக்கணும் அண்ணே."

"வெள்ளிக்கெழம பஸ்சா பாத்து ஏத்திவிடு" என்றார் அவர். இரண்டு பேரும் சிரித்தார்கள். அக்காவும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

மச்சானுக்கு ஏன் ஊரவில்லை என்பது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அவர் லயத்துப் பழக்கத்தை விட்டவர், வீட்டுக்குள்ளும் ரப்பர் சிலிப்பர் போட்டு நடப்பார். அக்கா வெறுங்கால். சாமி இருக்கிற குசினிக்குள் அவள் செருப்புப் போட மாட்டாள். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, வீடு முழுக்கத் துடைத்து, ஈரத் தரையில் ஈரக் காலோடு நின்று, ஒரு கையைப் பெட்டிமேல் ஊன்றி எக்கி மேலே விளக்கு ஏற்றுவாள். இதற்கு மேல் கரண்டுக்கு என்ன வேண்டும்?

சட்டைப் பையிலிருந்து டெஸ்ட் பென்னை எடுத்தேன். கரண்ட் இருந்தால் அதன் வயிற்றில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும். பகல் வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது, உள்ளங்கையால் மறைத்துத்தான் பார்க்க வேண்டும். கைப்பிடியில் வைத்தேன். மறைத்தேன். எரிந்தது. பார்ப்பதற்காக மறைத்த கையை, காட்டாமல் இருப்பதற்காக அப்படியே வைத்துக்கொண்டேன்.

"என்னடா?" என்றாள் அக்கா.

"ஒன்னும் இல்லக்கா."

"நெசமாவா?"

"ஒனக்கு ஒடம்பு வீக்கா இருக்கும். ரத்தம் கொறைஞ்சா இப்பிடித்தான் ஊரும். செருப்புப் போட்டுக்க."

"சாமி கிட்டயா? போடா" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். மச்சானும் பக்கத்து வீட்டுக்காரரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது ஒன்று. விஷயம் வெளியே போனால் தவுக்கேயின் லைசென்ஸ் போகும், என் வேலை போகும் என்ற பயம் இன்னொன்று. ஆனால் உண்மையில் அந்த நொடியில் இதெல்லாம் தோன்றவே இல்லை. சின்ன வயதில் உண்டியலை உடைத்தவன் கையைப் பின்னால் மறைப்பானே, அப்படித்தான் மறைத்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டாவது வந்திருக்கலாம். அடுத்த ஞாயிறு வந்து யாருக்கும் தெரியாமல் சரிசெய்யலாம் என்று நினைத்து, இரண்டாவது தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. பாகான் செராயில் ஒரு நெல் ஆலைக்கு வயரிங் வேலை என்று தவுக்கே என்னை அனுப்பினார். மூன்று வாரம். ஒரு வெள்ளிக்கிழமை கடைக்கு டெலிபோன் போட்டு, யாராவது எனக்காகத் தகவல் விட்டார்களா என்று கேட்டேன். இல்லை என்றார் தவுக்கே. தகவல் இல்லை என்றால் அக்கா உயிரோடு இருக்கிறாள் என்று கணக்குப் போட்டேன். அப்போதுகூட லீவு கேட்டுப் போய்வரத் தோன்றவில்லை எனக்கு. இதை எழுதும்போது என் எழுத்தே எனக்குப் பிடிக்கவில்லை.

திரும்பி வந்த நாளும் ஒரு வெள்ளிக்கிழமையாக அமைந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் ஏழெட்டு ஜோடிச் செருப்புகள். செத்துப்போய்விட்டாள் என்றே நினைத்தேன். உள்ளே சாம்பிராணி வாசனை வந்தது. ஊதுபத்தியும் புகையும் சாவுக்கும் உண்டு, பூசைக்கும் உண்டு. காலணியைக் கழற்றாமல் ஓடினேன்.

குசினி நிறையப் பெண்கள். ஐஸ் பெட்டிக் கதவில் மஞ்சள் பூசி, பெரிதாகக் குங்குமப் பொட்டு வைத்திருந்தது. கைப்பிடியில் ஒரு முழம் மல்லிகை. அக்கா தலையை விரித்துப் போட்டு, ஈரத் தரையில் நின்று, இடது கையால் கைப்பிடியைப் பிடித்திருந்தாள். கை லேசாக உதறியது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. முகத்தில் வலி இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. அவ்வளவு அமைதியான முகத்தை நான் அதற்கு முன் அவளிடம் பார்த்ததில்லை.

"ஆத்தா, எம் புள்ளைக்கு மூனு நாளா காய்ச்சல். தொட்டுக் குடு ஆத்தா" என்று எதிர் வீட்டு அம்மா கைக்குழந்தையை நீட்டினாள். அந்த அம்மாவும் வெறுங்கால். அதே ஈரத் தரை.

அக்காவின் வலது கை குழந்தையின் தலையை நோக்கிப் போனது.

நான் பாய்ந்து பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுப் பிளக்கைப் பிடுங்கினேன். தட்டில் இருந்த விபூதிக் கிண்ணம் உருண்டு விழுந்து உடைந்தது. அக்காவின் உதறல் நின்றது. குழந்தை சத்தத்துக்குப் பயந்து வீறிட்டது.

"சப்பாத்தோட வந்து நிக்கிறான் பாரு!"

"கூடப் பொறந்தவனே இப்பிடிப் பண்ணா வெளங்குமா?"

"ஆத்தாவ வெரட்டிட்டானே பாவி!"

"இந்த ஏரியாவுல கரண்ட் ஆபீஸ்காரங்க வேல செய்றாங்க" என்று கத்தினேன். "லைன் சரியில்ல. யாரும் பெட்டியத் தொடாதீங்க." அதுவும் பொய். என் பொய்களிலேயே கொஞ்சம் பயன்பட்ட பொய் அது ஒன்றுதான்.

மறுநாள் விடிந்ததும் சாமான்களோடு போனேன். அளக்கும் பெட்டியைக் கேட்டபோது தவுக்கே ஏன் என்று கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஜாங்ஙான் தாக்குட் லா" என்றார். பயப்படாதே என்று. அக்கா வீட்டில் முதலில் அளந்தேன். எட்டு வர வேண்டிய இடத்தில் முந்நூற்றுக்கு மேல் வந்தது. குசினிச் சாக்கடையை ஒட்டி எப்போதும் ஈரமாக இருக்கிற இடத்தில் புதுக் கம்பிகள் இரண்டை முழு ஆழத்துக்கு அடித்து இறக்கினேன். ஐஸ் பெட்டியின் பின்பக்கம் ஒரு வயரை எலி கடித்திருந்தது. அதை மாற்றினேன். சுவிட்சை ஒழுங்காக இணைத்து, வேண்டுமென்றே விழவைத்துப் பார்த்தேன். ஒரு தடவை இல்லை, இருபது தடவையாவது பார்த்திருப்பேன். அக்கா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வெள்ளி வேலை முடிந்து போனபோது அவள் பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பெட்டியில் புதுப் பூ இருந்தது. காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை என்று மச்சான் சொன்னார். அவர் குரலில் கேலி இல்லை.

"ஆத்தா போய்ட்டாடா" என்றாள் அக்கா. "வெளக்கு வெச்சேன், கைய வெச்சேன். ஒன்னுமே இல்ல. சும்மா இரும்பு. நான் என்னா தப்பு பண்ணேன்னே தெரியல. போன வாரம் கல்யாண வீட்ல கறி சாப்ட்டேன். அதுவா இருக்குமா? எதிர் வீட்டுக்காரி கிட்ட ஐஸ் காசு கூடுதலா வாங்கிட்டேன் ஒரு தடவ. தீட்டு நாள்ல ஒரு வாட்டி மறந்து தட்டத் தொட்டேன். அதுவா?"

என் தப்பைத் தன் வாழ்க்கைக்குள் தேடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, இதுவா இதுவா என்று எனக்கே காட்டினாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். கம்பியை அறுத்தது, எண்ணை எழுதியது, சுவிட்சைச் செத்த சுவிட்சாக ஆக்கியது எல்லாம்.

அவள் துவைக்கிற கல்லில் கிடந்த துணியை எடுத்துப் பிழிந்தாள்.

"அப்ப இத்தன நாளா நான் கும்புட்டது ஒன் வயரயா?"

சிரிப்பாள் என்று ஒரு நொடி நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அன்னைக்கு அந்தப் பேனாவ வெச்சுப் பாத்தியே. எரிஞ்சுச்சா?"

"எரிஞ்சுச்சுக்கா."

"நெசமாவான்னு கேட்டேனே."

"கேட்ட."

"எனக்கு முதல்ல கரண்டுன்னுதாண்டா தோணுச்சு" என்றாள். "நீ இல்லன்னு சொல்லிட்ட. தாளும் உள்ள இருக்கு. மச்சான் பைத்தியம்னு சிரிக்கிறாரு. ஒன்னு எனக்குப் பைத்தியம், இல்லன்னா ஆத்தா. வேற என்னான்னு நெனைப்பேன் சொல்லு? பைத்தியம்னு நெனைக்க பயமா இருந்துச்சு."

கவிழ்ந்து கிடந்த வாளியை நிமிர்த்தி வைத்தேன்.

"மச்சானுக்குச் சொல்லாத" என்றாள் எழுந்து. "அவருக்கு வாய் நிக்காது. தாமான் பூராப் பரவும். ஒன் வேல போய்டும்."

அதன்பின் பெண்கள் வந்து கேட்டால், "ஆத்தாவுக்கு என் கையில திருப்தி இல்ல போல, போய்ட்டா" என்று அவளே சொன்னாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஏதோ குற்றம் செய்ததால் அருள் விலகிப் போனவள் என்ற பேர் அவளுக்கு அந்தத் தாமானில் நிலைத்துவிட்டது. எதிர் வீட்டு அம்மா சில நாள் அவளிடம் பேசவில்லை. மச்சான் எப்போதாவது பழையபடி பஸ் ஜோக்கை எடுப்பார். நான் பக்கத்தில் இருப்பேன், இலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அக்கா எனக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குழம்பு ஊற்றுவாள்.

ஆபத்து நீங்கிவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இரண்டு மூன்று வருஷம் போயிருக்கும். நான் அப்போது பரீட்சை எழுதி வயர்மேன் லைசென்ஸ் எடுத்துவிட்டேன். ஒருநாள் காலை அக்கா தாமான் முனையில் இருக்கிற காசு போடும் டெலிபோனிலிருந்து கடைக்குக் கூப்பிட்டாள்.

"தம்பி, நெஞ்சு பக்கம் ஒரு மாதிரி இழுக்குதுடா."

"எப்பருந்து?"

"முந்தாநேத்துலருந்து."

"மச்சான்கிட்ட சொன்னியா?"

"இல்ல." இன்னொரு காசு விழுகிற சத்தம் கேட்டது. "அது நெசமாவே இழுக்குதா, இல்ல எனக்குத்தான் அப்பிடித் தோணுதான்னு தெரியலடா. நீ வந்து பாத்துச் சொல்றியா?"

அவளுக்கு வலிக்கிறதா என்று நான் வந்து பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். வீட்டில் அவள் சேலை மாற்றி, நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். நான் வந்ததும் கையை நெஞ்சில் வைத்து என் முகத்தையே பார்த்தாள்.

"நெசந்தாங்க்கா" என்றேன். "வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"நீ இன்னும் ஒன்னுமே பாக்கலயேடா."

"பாக்க வேணாம். நீ சொன்னா நெசந்தான்."

ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் காத்திருந்தோம். நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். அவள் அந்த வயர்களைப் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் வந்து, இருதயத்துக்கு ஒன்றும் இல்லை, தசைப் பிடிப்பு, தண்ணீர் வாளி தூக்கியதால் வந்திருக்கும் என்றார். பூச ஒரு தைலம் கொடுத்தார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது, சந்தோஷத்தில்.

வெளியே வரும்போது அக்கா தலையைக் குனிந்து நடந்தாள். பஸ் ஸ்டாப்பில் நின்றதும் என் சட்டைக் கையைத் தொட்டாள்.

"மன்னிச்சுக்கடா தம்பி" என்றாள். "ஒன்னுமில்லாததுக்கு ஒன்னப் போட்டு அலைய வெச்சுட்டேன். எனக்கே தெரிஞ்சிருக்கணும்."